இந்தப் பக்கமே வரலை!

ஞாயிற்றுக்கிழமை மதியம் டோரீன் தெருமுனை பப்புக்குப் போன் போட்டாள்.

“லென், எங்க வீட்டுக்காரர் அங்க இருக்காரா?”

“க்ளிஃபா? இந்தப் பக்கமே வரலையே!” என்றார் பப் நடத்தும் லென். பின்னால் வழக்கம்போல் கொல்லென்று சிரிப்பு.

“புளுகாதீங்க. கறி ஆறுதுன்னு சொல்லுங்க.”

சட்டென்று சிரிப்பு நின்றது. போன வாரம்தான் எல்லோருமாகச் சேர்ந்து க்ளிஃபை அடக்கம் செய்திருந்தார்கள்.

“ஐயோ டோரீன்... வாய்ப்பழக்கத்துல உளறிட்டேன்.”

“இருக்கட்டும் லென். நாப்பது வருஷமா நீங்க சொன்ன புளுகு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்.”

லென் க்ளிஃப் வழக்கமாக உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அவன் நாற்காலி காலியாத்தான் கிடக்கு. நீ வந்து உக்காரு. யாராவது போன் பண்ணிக் கேட்டா, டோரீனா, இந்தப் பக்கமே வரலையேன்னு சொல்லிடறோம்!”