முதலில் எழுவது யார்?

"அப்போ எங்கப்பாவுக்கு முன்னாடி வேடியப்பன் ஏந்துப்பானா, பாஸ்டரய்யா?"

ஆராதனை முடிந்து கோயில் காலியான பிறகு, சபைக் கமிட்டித் தலைவர் தங்கதுரை கேட்ட கேள்வி இது. வேடியப்பன் அவருடைய அப்பாவின் பண்ணையில் ஏர் ஓட்டியவர். இருவரும் இறந்து வருஷக்கணக்காகிறது. கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், நடுவில் மட்டும் ஆளுயரச் சுவர். மேற்கே ஊர்க்காரர்கள், கிழக்கே காலனிக்காரர்கள்.

மூன்று ஞாயிறாகப் பாஸ்டர் சற்குணம் கடைசிக் காலத்தைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஆண்டவர் கிழக்கிலிருந்து மின்னல் மாதிரி வருவாராம். கல்லறையில் இருப்பவர்கள்தான் முதலில் எழுந்து போவார்களாம். முதல் ஞாயிறு தங்கதுரை தூங்கிவிட்டார். இரண்டாம் ஞாயிறு பாதி கேட்டார். மூன்றாம் ஞாயிறு முழுக்கக் கேட்டுவிட்டார்.

"வேதத்துல இருக்கறதைத்தான் சொன்னேங்க," என்றார் பாஸ்டர். "கிழக்கேயிருந்து வந்தா, கிழக்கே இருக்கறவங்கதானே முதல்ல பாப்பாங்க?"

தங்கதுரைக்குத் தாங்கவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு, ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்து, ஒரு வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூமியில் பின்தங்கியவர் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இரு கையாலும் வாங்கிக்கொள்வார். பரலோகத்தில் பின்தங்குவதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டார்.

"நீங்களும் நம்ம ஆளு, அதனால சொல்றேன்," என்று குரலைத் தாழ்த்தினார். "செவுத்த இன்னும் நாலடி ஒசத்திக் கட்டிட்டா இன்னா?"

பாஸ்டர் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சின்ன வயசிலிருந்தே கடலூர்ப் பக்கம் மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவர்; அதற்கு முன் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளை வெளேரென்று வேட்டி, திருத்தமான பேச்சு. நம்ம ஆள் என்று முடிவு கட்டத் தங்கதுரைக்கு இது போதாதா? முன்பு வந்த இரண்டு பாஸ்டர்கள் சுவரை இடிக்கச் சொன்னார்கள். இருவரையும் மூட்டை கட்ட வைத்தவர் தங்கதுரைதான். இவரோ சுவரைப் பற்றி இதுவரை வாயே திறந்ததில்லை.

பாஸ்டர் வேதத்தை மூடி வைத்தார்.

"உயர்த்தலாங்க. ஆனா விடியற நேரத்துல சுவரோட நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தீங்களா?"

மறுநாள் விடிந்ததும் தங்கதுரை போய்ப் பார்த்தார். அப்பாவின் கல்லறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நிழல் மூடியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், வேடியப்பன் மேல் வெயில் பளிச்சென்று அடித்தது. இந்த அநியாயம் இத்தனை வருஷமாகத் தினமும் நடந்திருக்கிறதே!

அன்றைக்கே கமிட்டி கூடியது. சுவர் இருக்கும் வரை நிழல் போகாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தீர்மானத்தில் சமத்துவம், சகோதரத்துவம் என்று இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள், சும்மா கிடக்கட்டும் என்று. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் இடித்த செங்கலை ஏற்றின. முதல் கடப்பாரை தங்கதுரையுடையது. காலனி ஜனம் கூடி நின்று பார்த்தது.

சாயங்காலம் இடம் சுத்தமானதும், அவர் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு கிழக்கு வேலி வரை நடந்தார். இனி எல்லாம் ஒரே தோட்டம். அப்படியென்றால் நல்ல இடத்தை முந்திக்கொண்டு பிடிக்க வேண்டாமா? வேலியோரம் இருந்த பழைய மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டார்.

"இது எனக்கு. கமிட்டி நோட்டுல எழுதிடுங்க, பாஸ்டரய்யா. பக்கத்துல படுத்துக்கினு இருக்கறது யாரு? எனக்கும் முன்னாடி இவங்கதான் ஏந்துப்பாங்க போல."

பாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மேட்டின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கினார்.

"எங்கம்மாங்க," என்றார். "உங்கப்பா தோட்டத்துல கரும்பு வெட்டிக்கினு இருந்தவங்க."