புல்கூட்டின் மேல் வில்லி

"அம்மா, அது தேவதூதன் இல்ல, வில்லி—" "செறகு இருக்குல்லா மக்கா, பின்ன—" "பிரிக்காத பெட்டியப் போயி பிரிச்சிருக்க." அஜிதா பெட்டி பிரிக்காமலே சேர்த்துவைத்த பொம்மை வீராங்கனைகளும் வில்லிகளும் கண்ணாடி அலமாரியில் நிற்கிறார்கள்; ஒரு பொம்மையின் இடம் மட்டும் காலி. அந்த வில்லி கிறிஸ்துமஸ் புல்கூட்டின் கூரையில், குழந்தை இயேசுவுக்கு மேலே, கறுப்புச் சிறகை விரித்து நிற்கிறாள். அம்மா சத்தியபாய் சிறகில் வெள்ளி ஜிகினா தூவி, சிறகைப் பசைபோட்டுக் கூரை ஓலையோடு ஒட்டியிருக்கிறாள். சீரியல் லைட் அந்தச் சின்ன முகத்தில் சிவப்பாக எரிந்து அணைகிறது. கேரல் பாட வருகிறவர்களின் டிரம் சத்தம் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அவர்கள் பார்க்குமுன் எடுத்துவிட வேண்டும். அஜிதா இரண்டு விரலால் பொம்மையின் இடுப்பைப் பிடித்து, மூச்சுவிடாமல் அசைக்கிறாள். ஓலைக்குள் ஏதோ நெரிகிறது. சத்தியபாயின் கை, ஜிகினாவோடு, பொம்மைக்கு அடியில் ஏந்தி நிற்கிறது.

"மெல்ல, மக்கா. செறகும் கூட வருதா?"