மருதமுத்துவின் குடை

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மண்டபத்தின் தகரக் கூரையில் மத்தியான மழை இரைகிறது. மேடையில் துஷாந்தினி ஒரு கறுப்புக் குடையோடு தனியாக நிற்கிறாள். முதுகை வளைத்து, தொண்டையைச் செருமி, குடை நுனியால் பலகையில் இரண்டு தரம் தட்டுகிறாள். சபைக்கு ஆள் விளங்கிவிடுகிறது. முன்வரிசையில் பிரதம விருந்தினராக மாலையோடு உட்கார்ந்திருக்கும் பழைய கணக்கப்பிள்ளை மருதமுத்து, தன் குடையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளுகிறார். "காலையில பெரட்டுக்குப் பேர் கொடுக்க லேட்டா வந்துட்டு காய்ச்சல்ங்கிறியா பாக்கியலெட்சுமி? இன்னைக்கு உனக்கு வேலை இல்ல. திரும்பிப் போ!" தன் அம்மாவின் பெயரை அவருடைய குரலிலேயே சொல்கிறாள். அன்று காய்ச்சலோடு திரும்பி நடந்த அம்மா லயத்து வீட்டுக்கு உயிரோடு வந்து சேரவேயில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. நடித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது பிரதம விருந்தினரின் வேலை. ஒலிபெருக்கியில் மூன்றாம் தரம் பெயர் சொன்ன பிறகுதான் மருதமுத்து எழுந்து மேடையேறுகிறார். அவள் வேஷம் கலைக்காமல் அதே கூனலோடு காத்திருக்கிறாள். அவர் பொன்னாடையை விரித்து நீட்டுகிறார். குடை நுனி இரண்டு தரம் தட்டுகிறது. "லேட்டு," என்கிறாள். "திரும்பிப் போ."