காசிக் காக்கை

வலது கையில் ஊசி. சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

இடது கை மடியில் கிடந்தது. சும்மா கிடக்கிற கையா அது? விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து கழுத்துப் பக்கம் பார்த்தன.

"தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்க," என்றார் அவள் கணவர், பக்கத்து நாற்காலியிலிருந்து.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

இடது காறை எலும்புக்கு மேலே, சேலைத் தலைப்பு மறைக்கிற இடத்தில், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. சினைப்பையில் தொடங்கி, அறுத்தெடுத்து, போய்விட்டதென்று எல்லோரும் நம்பிய பிறகு திரும்பி வந்த புற்று. பெரிய கட்டி அடிவயிற்றில். இது அதன் குட்டி. பழைய மருந்துகளுக்கு இரண்டுமே மசியவில்லை.

கதிர்வீச்சு கொடுத்தது அடிவயிற்றுக்கு மட்டும்.

வயிற்றில் ஊதா மையால் கோடு போட்டார்கள். சர்வேயர் வந்து எல்லைக்கல் நட்டமாதிரி இருக்கிறது, இனி பட்டா மாற்றிவிடலாம் என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோடு கோணிவிடுமோ என்று அடக்கிக்கொண்டாள்.

கழுத்தில் ஒரு கோடும் இல்லை.

மேலே இருக்கிறதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா முதலிலேயே சொன்னதைப் பொறுமையாக மறுபடியும் சொன்னார். இது சோதனை முறை. சொட்டு மருந்து தானாக எதையும் கொல்லாது. உடம்பில் தூங்குகிற காவல்காரர்களை எழுப்பிவிடும், அவ்வளவுதான். கதிர் கீழே இருப்பதை உடைக்கும். உடைந்தால் காவல்காரர்களுக்கு அதன் முகம் தெரியும். முகம் தெரிந்துவிட்டால் மேலே ஒளிந்திருப்பதையும் அவர்களே தேடிப் போகலாம். சிலருக்கு நடக்கும். பலருக்கு நடக்காது.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயம் வந்து உட்காருவதற்குள் இன்னொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வயிற்றில் நடந்தது கழுத்துக்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொல்வார்கள்?

"காக்கா மாதிரி," என்றார் அவர், டாக்டரம்மாவிடம்.

அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

அவர் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மீசை முளைக்காத வயதில் சாத்தூரில் ஒரு காக்கைக் கூட்டைக் கலைத்தாராம். மறுநாள் அந்தத் தெருக் காக்கையெல்லாம் அவரைக் கொத்தினவாம். சரி. அடுத்த வாரம் கோவில்பட்டிக்குப் போனால் அங்கேயும் கொத்தினவாம். அதுவும் போகட்டும். கல்யாணமாகி, பேரன் பிறந்து, காசிக்குப் போய், கங்கையில் முங்கி எழுந்தால் ஒரு காக்கை பறந்து வந்து தலையில் ஒரே போடு. தமிழ் தெரியாத காக்கை. அதற்கும் இவர் முகம் தெரிந்திருக்கிறது.

காசிக்கு அவளும்தான் போயிருந்தாள். அவள் ஈரச் சேலை மாற்ற மறைவுக்குப் போன நேரம் பார்த்து அந்தக் காக்கை வந்துவிட்டுப் போனதாம்.

அவர் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுக் கேட்பது அவர்கள் வீட்டு வழக்கம். இந்தக் கதையில் மட்டும் மிச்சத்தையும் கழித்துவிடுவார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஏறக்குறைய அப்படித்தான் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, விதை போட்ட மறுநாளே தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள், ஸ்கேன் எடுக்கும்வரை அதில் விரல் படக்கூடாது என்றார்.

அதுவரை, குழம்பு கொதிக்கும்போதும் அவள் விரல் அங்கேதான் இருந்தது. பூஜையில் மணி ஆட்டும்போது மற்றக் கை அங்கே இருந்தது. டாக்டரம்மாவுக்கு யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

வழுக்கைத் தலை. சத்தம் நன்றாகவே கேட்டது.

அதன்பிறகு கதிர்வீச்சு முடிந்தது. சொட்டு மட்டும் விட்டு விட்டு ஏறியது. அவள் தொடவில்லை.

நாளைக்கு ஸ்கேன்.

இத்தனை நாள் பொறுத்தவளால் இந்த ஒரு நாளைத் தாண்ட முடியவில்லை.

"இந்தாங்க. சத்தியம் பண்ணது நான்தான. நீங்க தொட்டுப் பாருங்க."

அவர் நர்ஸ் இருக்கிறாளா என்று பார்த்தார். இல்லை.

"பொய் மட்டும் சொல்லாதீங்க. பெருசாயிருந்தாலும் சொல்லிருங்க."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தலைப்பை விலக்கி எலும்பின் மேல் வைத்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியாது. எத்தனை பெரிய புளுகுக்கும் ஒரு தசை ஆடாத முகம்.

விரல் எலும்போடு நடந்தது. நின்றது. வந்த வழியே திரும்பியது. கொஞ்சம் அழுத்தியது. தோள்வரை போய், தொண்டைக்குழிவரை வந்து, மறுபடியும் முதல் இடத்துக்கே போனது.

சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

அவர் சொன்னால் அவள் முக்கால்வாசியைக் கழித்துவிடுவாள்.

"ஏசில விரல் மரத்துப்போச்சு," என்றார். "ஒண்ணும் தெரியல. நீயே பாரு."

"உங்க தலைல சத்தியம் பண்ணிருக்கேன்."

"காக்கா கொத்தியே ஒண்ணும் ஆகாத தலை. பாரு."

மடியில் கிடந்த கையை அவரே எடுத்து அங்கே வைத்தார்.

சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் விரல் எலும்போடு போய், திரும்பி, மறுபடியும் போனது. கையை எடுக்கவில்லை.

எதிர் நாற்காலியில் யாரோ இருமினார்கள். நர்ஸ் வந்து பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போதும் அவள் கை அங்கேயே இருந்தது.

பிறகு, அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்பவள்போல, அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் காசிக் காக்கா… எந்தப் பக்கம் கொத்துச்சு?"

அவர் வழுக்கையின் இடது பக்கம் தடவினார். வலது பக்கம் தடவினார். உச்சியில் அழுத்திப் பார்த்தார்.

அங்கேயும் ஒன்றும் தட்டுப்படவில்லை.