பூரணம் போன வீடு

பழைய போன் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவரின் கணக்கு அதில் அப்படியே இருந்தது. அவர் வீட்டுப் படங்கள் தினமும் வந்து விழும். பல் முளைக்காத பிள்ளை ஒன்று அதில் வளர்ந்துகொண்டிருந்தது. "அழிச்சிடவாண்ணே?" என்றான் கடைக்காரன். "கிடக்கட்டும் தம்பி, சோறு திங்கத் துணையாச்சு." செத்துப்போன என் பூரணத்தின் ஒரே படத்தைக் கரையான் அரித்தபோது, அதையும் அந்தப் போனில்தான் பிடித்து வைத்தேன். நேற்றுத் திரையில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இந்தக் கணக்கிலிருந்து நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.' பிள்ளையும் இல்லை, பூரணமும் இல்லை. "போன்ல இடம் பத்தாம அண்ணி படமும் அவங்க கணக்குல போய் உக்காந்திருக்கும்ணே. கண்ணுல பட்டா அழிச்சிடுவாங்க" என்றான் கடைக்காரன். அந்தப் பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்திருக்கும். படத்தைத் தொட்டு, 'இது யாரு?' என்று கேட்குமோ என்னவோ.