பட்டியலில் இல்லாத பெயர்

"இது உங்க கைவேலைதானே, டுவைட்?"

மார்னி அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டேகால். வெளியே டுலூத் நகரம் பனியில் வெளுத்துக் கிடந்தது. வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க வழியில்லாத குடும்பங்கள், ஒன்பது மணியிலிருந்து கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், வலைத்தளத்தில் உதவி கேட்டு மனுப் போட வேண்டும். அதற்கான புரோகிராமின் புதிய பதிப்பை மார்னி சர்வரில் ஏற்றினாள். ஒரு நொடி ஓடியது. 'மாட்யூல் காணவில்லை' என்று சொல்லிப் படுத்துவிட்டது.

மனுவை பி.டி.எஃப். ஆக்கித் தரும் மாட்யூல், அதாவது வெளியிலிருந்து இறக்கிச் சேர்க்கும் துணைப் புரோகிராம் அது. அவளுடைய கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் ஓடியது.

மூன்று வருடமாக இப்படி நடந்ததே இல்லை. போன வியாழக்கிழமைதான் அவளுடன் வேலை பார்க்கும் டுவைட்டுக்கு இருந்த சர்வர் அனுமதியைப் பிடுங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறை புரோகிராம் ஏற்றியதும் அவர் உள்ளே நுழைந்து கையால் ஏதோ செய்கிறார், இது விதிக்கு விரோதம் என்று மேலதிகாரி லைலிடம் புகார் கொடுத்ததே மார்னிதான். ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டார், அந்த அறுபத்துமூன்று வயது மனிதர்.

"அனுமதி போற கோபத்துல சர்வர்லேருந்து எதையோ உருவிட்டிருக்கார்," என்றாள் மார்னி.

லைல் டுவைட்டைப் பார்த்தார். "அது மட்டும் உண்மையா இருந்தா, இன்னிக்கே நீங்க பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

டுவைட் ஃப்ளாஸ்க் மூடியை நிதானமாகத் திருகினார்.

"உன் கம்ப்யூட்டர்ல மாட்யூல் எல்லாம் இருக்கிற ஃபோல்டரை அழிச்சுடு மார்னி. புரோகிராமுக்கு என்னென்ன மாட்யூல் வேணும்னு ஒரு பட்டியல் இருக்கே, அதுல பேர் இருக்கறதை மட்டும் திரும்ப இறக்கிப் பாரு. ஒவ்வொரு தடவை ஏத்தறப்பவும் சர்வர் அப்படித்தான் செய்யும்."

"என் கம்ப்யூட்டருக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடுது."

"அதனாலதான் சொல்றேன்."

ஆண்டவரே, உண்மை வெளியே வரட்டும் என்று மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே அழித்தாள். பட்டியல்படி எல்லாம் மறுபடி இறங்கின. ஓடவிட்டாள்.

'மாட்யூல் காணவில்லை.'

அவளுடைய கம்ப்யூட்டரிலேயே!

பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாற்பது பெயர்கள் இருந்தன, அந்த ஒன்று இல்லை. அந்த பி.டி.எஃப். பகுதியை எழுதியது அவள்தான். மாட்யூலைத் தன் கம்ப்யூட்டரில் மட்டும் இறக்கிக்கொண்டு, பட்டியலில் பெயர் எழுத மறந்திருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாளும் சர்வரில் அதைக் கையால் போட்டு வந்தது...

காது மடல் சுட்டது. பெயரைச் சேர்த்து மறுபடி ஏற்றினாள். எட்டு ஐம்பதுக்குத் தளம் எழுந்து நின்றது.

"யாரோட தப்பு?" என்றார் லைல்.

மார்னி திரையில் தளத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தாள்.

"பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போயிருக்கு. பழைய சமாச்சாரம், விடுங்க," என்றார் டுவைட்.

லைல் போனதும், அவள் அவர் மேஜைப் பக்கம் போனாள். தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆனாலும் மனசு ஒரு சாக்கைத் தேடியது.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தன் இடத்துக்கு வந்து, பழைய மெயில்களில் அந்த மாட்யூலின் பெயரைப் போட்டுத் தேடினாள். மூன்று வருடத்துக்கு முந்திய ஒன்று வந்தது. பட்டியலில் இந்தப் பெயர் இல்லை, கவனி என்று டுவைட் எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே அவளுடைய பதில்:

'ப்ளீஸ் டுவைட், நான் வேலைக்கு வந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகலை. இப்போதைக்கு நீங்களே சர்வர்ல கையால போட்டுடுங்க, அப்புறம் நான் சேர்த்துக்கறேன். லைலுக்கு மட்டும் எப்பவும் தெரிய வேண்டாம்.'