ஜன்னலைச் சாத்துங்க

எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் வீரணனின் கவலை. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஒச்சம்மாளின் மடியில், துணி போர்த்திய கைக்குழந்தை. வெளியே மழை.

“ஜன்னலச் சாத்துங்கப்பா! வெளிய என்ன சினிமாவா ஓடுது? பச்சப்பிள்ள இருக்குல்ல!” பின்சீட்டுப் பெண் அதட்டினாள்.

பக்கத்தில் ஒருவர் இருமினார். அவரையும் அவள் விடவில்லை.

“அண்ணே, இந்தச் சளி பிள்ளைக்கு ஒட்டுனா நெஞ்சுல கட்டிக்கிரும். தள்ளிப் போங்க.”

“அதுவும் சரிதேன் தாயி.” அவர் எழுந்து, படிக்கட்டில் நனைந்தபடி நின்றார்.

“போன வாரம் இப்படி யாரும் சொல்லலையே...” ஒச்சம்மாளின் குரல் உடைந்தது.

வீரணன் அவள் காதருகே குனிந்தான்.

“அழுதிராத. உசுரு இல்லைன்னு தெரிஞ்சா எறக்கி விட்ருவாக. நம்ம மண்ணுலதான புதைக்கணும்?”

அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.